அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் என்பவர் யார்? தலிப் சிங் சௌந்தை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

அமெரிக்கத் தேர்தல் என்றாலே நமக்கு ஜனாதிபதி தேர்தல்தான் ஞாபகம் வரும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இங்கே காலையில் கண் விழித்ததுமே யார் ஜெயித்தார் என்று பார்க்கிறோம். அத்தோடு சரி. ஆனால் அந்த ஜனாதிபதி கஜானாவிலிருந்து ஒரு டாலர் எடுக்க வேண்டுமென்றாலும் காங்கிரஸ் ஒப்புதல் கொடுக்க வேண்டும். காங்கிரஸ் என்பது அவர்களுடைய நாடாளுமன்றம். அதில் இரண்டு அவைகள். செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர் வீதம் 100 பேர், பதவிக்காலம் 6 ஆண்டு. பிரதிநிதிகள் சபையில் 435 பேர், பதவிக்காலம் வெறும் 2 ஆண்டு. செய்திகளில் 'காங்கிரஸ் உறுப்பினர்' என்று சொன்னால் பெரும்பாலும் இந்த இரண்டாவது சபைக்காரரைத்தான் குறிக்கிறார்கள்.

இந்தப் பதவிக்கான விதிகளை அட்டவணை போட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் மனதில் நிற்காது. அதனால் ஒரு மனிதரைப் பிடித்துக்கொள்வோம். தலிப் சிங் சௌந்த். பஞ்சாப் கிராமத்தில் பிறந்து, கலிபோர்னியாவில் விவசாயம் பார்த்து, 1957இல் பிரதிநிதிகள் சபைக்குப் போனவர். அமெரிக்கக் காங்கிரஸில் வாக்களிக்கும் உரிமையோடு அமர்ந்த முதல் ஆசிய வம்சாவளி உறுப்பினர் அவர்தான். முதல் இந்தியரும் முதல் சீக்கியரும்கூட. 'முதல்' என்ற பட்டத்துக்காக அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் பதவியைச் சுற்றியுள்ள விதிகள் ஏறத்தாழ எல்லாமே அவர் வாழ்க்கையில் ஒவ்வொரு கட்டத்தில் குறுக்கே வந்து நின்றிருக்கின்றன. அதற்காகத்தான்.

கணிதத்தில் முனைவர், வேலை பருத்திக் காட்டில்

சௌந்த் பிறந்தது 1899இல், அமிர்தசரஸ் பக்கத்தில் சஜ்ஜல்வாடி என்ற கிராமத்தில். பெற்றோர் பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லை. அப்பா அரசு ஒப்பந்த வேலைகள் எடுத்து ஓரளவு வசதியாக இருந்தவர். பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் வாங்கிய கையோடு 1920இல் சௌந்த் கப்பல் ஏறினார். பழங்களைப் பதப்படுத்தி டப்பாவில் அடைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகத்தான் வீட்டில் பேச்சு. பெர்க்லியில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஸ்டாக்டன் நகரக் குருத்வாராக்காரர்கள் இந்திய மாணவர்களுக்காக அங்கே ஒரு விடுதி நடத்தினார்கள், தங்கியது அதில். கொஞ்ச நாளில் மனம் கணிதத்துக்கே திரும்பிவிட்டது. 1924இல் முனைவர் பட்டமும் வந்தது.

பட்டம் வந்தது, வேலை வரவில்லை. முந்தைய ஆண்டு, 1923இல், பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்திருந்தது. இந்தியர்கள் சட்டம் சொல்லும் பொருளில் 'வெள்ளையர்' அல்லர், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம். (திந்த், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்தவர். அதுகூடக் கைகொடுக்கவில்லை.) குடியுரிமை பெற முடியாதவர் நிலம் வாங்கக் கூடாது, குத்தகைக்கும் எடுக்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. இரண்டும் சேர்ந்ததும் கதவு இரண்டு பக்கமும் அடைபட்டது.

கணித முனைவர் 1925இல் இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போய் பருத்தி எடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக நின்றார். மெக்சிகோ எல்லையை ஒட்டிய பாலைவனம் அது. பெரும்பகுதி கடல் மட்டத்துக்கும் கீழே. கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் வராவிட்டால் அங்கே புல்கூட முளைக்காது. வந்தால் லெட்டூஸ் கீரை, பருத்தி, முலாம்பழம், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு என்று எல்லாம் விளையும். அங்கே ஏற்கெனவே கணிசமான பஞ்சாபி விவசாயிகள் இருந்தார்கள். நிலம் யாரோ ஒரு அமெரிக்கர் பெயரில் இருக்கும், உழுவது இவர்களாக இருக்கும். சௌந்தும் அப்படித்தான் சொந்தமாகப் பயிர் வைக்கத் தொடங்கினார். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் ஏறியது. திவால் மனு கொடுத்துத் தப்பித்திருக்கலாம். கொடுக்கவில்லை, ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கடனை அடைத்தார்.

1928இல் மரியன் கோசா என்ற செக் வம்சாவளிப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். குடியுரிமைக்குத் தகுதியில்லாத வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண், தன் குடியுரிமையையே இழக்க வேண்டும் என்று அன்றைய சட்டம் சொன்னது. அந்த விதி 1931 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் இந்த ஜோடி அங்கே குடித்தனம் நடத்தியதே பெரிய காரியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓட்டுப் போட முடியாதவர் செய்த அரசியல்

ஓட்டுரிமை இல்லை. ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. தேவாலயங்களிலும் ஊர்ச் சங்கங்களிலும் இந்திய விடுதலையைப் பற்றிப் பேசப் போவார். 1940களில் இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்டு ஓர் அமைப்பு கட்டியவர்களில் முக்கியமானவர். பல இடங்களிலிருந்து பலர் கொடுத்த அழுத்தத்தின் பலனாக 1946இல் ஒரு மசோதா நிறைவேறி ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டார். அதைக் கொண்டுவந்தவர்கள் குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸும் ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லரும். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம், ஏற்கெனவே இருப்பவர்கள் குடியுரிமை கேட்கலாம் என்றது சட்டம். நூறு என்பது கண்துடைப்பு எண்ணிக்கைதான். இரண்டாவது பாதிதான் சௌந்துக்கு வாழ்க்கை கொடுத்தது.

1949 டிசம்பர் 16 அன்று அவர் அமெரிக்கக் குடிமகன் ஆனார். வயது ஐம்பது. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு தடவை தேவைப்படும்.

அடுத்த ஆண்டே வெஸ்ட்மோர்லாண்ட் என்ற சிற்றூரில் நீதிபதி பதவிக்கு நின்றார். அமெரிக்காவில் பல இடங்களில் உள்ளூர் நீதிபதியை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சட்டப் படிப்பும் அப்போது அந்தச் சிறிய பதவிக்குத் தேவையில்லை. ஜெயித்தும் விட்டார். ஆனால் தேர்தல் நடந்தபோது அவர் குடிமகனாகி ஓராண்டு முடியவில்லை, சில வாரங்கள் குறைந்தன. வெற்றி செல்லாது என்றாகிவிட்டது.

1952இல் மறுபடி நின்றார். அந்தப் பிரசாரத்தின்போது ஒரு காபிக் கடையில் எல்லோர் முன்னிலையிலும் ஒருவர் கிண்டலாகக் கேட்டார்: "டாக்டர், நீங்க ஜெயிச்சா கோர்ட்டுக்கு வர்ற எங்களுக்கெல்லாம் தலைப்பாகை நீங்களே கொடுப்பீங்களா, நாங்கதான் வாங்கிக் கட்டிக்கணுமா?" சௌந்த் தலைப்பாகை கட்டுவதை விட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன, ஆனாலும் கேள்வி எதைக் குத்துகிறது என்று அவருக்குத் தெரியும். தலைக்கு மேலே ஒருவர் என்ன வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை, தலைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன் என்ற பொருளில் பதில் சொன்னார். கடையே சிரித்தது. இந்த முறை ஜெயித்தார், பதவியும் நிலைத்தது. ஊரில் நடந்துவந்த விபசார விடுதிகளையும் சூதாட்டத்தையும் கடுமையான தண்டனைகளால் ஒடுக்கினார் என்பது அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. கூடவே உர வியாபாரமும், ஜனநாயகக் கட்சியின் மாவட்டக் கமிட்டி வேலையும் நடந்தன. விவசாயிக்கு உரம் விற்பவருக்கு ஊரில் எல்லோரையும் தெரிந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஏழு ஆண்டும் பதினெட்டு நாளும்

இப்போது காங்கிரஸுக்கு வருவோம். பிரதிநிதிகள் சபைக்கு வர அரசியலமைப்பு மூன்றே தகுதிகளைச் சொல்கிறது: 25 வயது ஆகியிருக்க வேண்டும், குடிமகனாகி 7 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், தேர்தல் சமயத்தில் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும். அந்தத் தொகுதியிலேயே வசிக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஜனாதிபதிக்கும் துணை ஜனாதிபதிக்கும்தான். குடியேறி வந்தவர் காங்கிரஸ் உறுப்பினர் ஆகத் தடையே இல்லை.

1956இல் கலிபோர்னியாவின் 29ஆவது தொகுதி காலியானது. இம்பீரியல், ரிவர்சைடு என்று இரண்டு மாவட்டங்கள் சேர்ந்த பரந்த தொகுதி அது. குடியரசுக் கட்சியின் ஜான் பிலிப்ஸ் மறுபடி நிற்கவில்லை. சௌந்த் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நிற்க முடிவு செய்தார்.

நம் ஊர் வழக்கத்துக்கும் அமெரிக்க வழக்கத்துக்கும் உள்ள மிகப் பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. இங்கே சீட் கொடுப்பது கட்சித் தலைமை. விருப்ப மனு, நேர்காணல், கடைசி நாள் இரவு வரை பட்டியலுக்காகக் காத்திருப்பது எல்லாம் நமக்குப் பழகிப்போனவை. அங்கே கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே பிரைமரி என்ற முதற்கட்டத் தேர்தலில் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். தலைவர்களுக்குப் பிடிக்காத ஒருவர் பிரைமரியில் ஜெயித்துவிட்டால், கட்சியின் வேட்பாளர் அவர்தான். இது ஒன்று புரிந்துவிட்டால் அமெரிக்க அரசியலில் நமக்கு விசித்திரமாகத் தெரியும் பல விஷயங்கள் புரிந்துவிடும். சீட் கொடுக்காத தலைவருக்கு உறுப்பினர் ஏன் பயப்பட வேண்டும்? அவர் பயமெல்லாம் தொகுதி வாக்காளரிடம்தான்.

சௌந்தை பிரைமரியில் எதிர்த்தவர் கார்ல் கெக்லி என்ற வழக்கறிஞர். சௌந்த் குடிமகனாகி 7 ஆண்டு ஆகவில்லை, போட்டியிடவே தகுதியில்லை என்று நீதிமன்றத்துக்கும் போனார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1949 டிசம்பர் 16 முதல் எண்ணினால், பிரைமரி நடந்த ஜூனிலும் 7 ஆண்டு ஆகவில்லை, பொதுத் தேர்தல் நடந்த நவம்பரிலும் ஆகவில்லை. ஆனால் புதிய சபை கூடி உறுப்பினர்கள் பதவியேற்றது 1957 ஜனவரி 3. அன்றைக்கு 7 ஆண்டும் 18 நாளும். தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது இருக்கையில் அமரும்போதுதான், ஓட்டுப் போடும்போது அல்ல. வழக்கு நிற்கவில்லை. 1950இல் சில வாரக் குறைவில் பதவியை இழந்தவருக்கு, அதே தேதி இந்த முறை பதினெட்டு நாள் மிச்சம் வைத்திருந்தது.

பிரைமரியைத் தாண்டியதும் எதிரே நின்றவர் சாதாரண ஆள் இல்லை. ஜாக்குலின் காக்ரன். 1953இல் ஒலியின் வேகத்தை மிஞ்சி விமானம் ஓட்டிய முதல் பெண். இரண்டாம் உலகப் போரில் பெண் விமானிகள் படைக்குத் தலைமை தாங்கியவர். கணவர் ஃப்ளாய்ட் ஓட்லம் பெரும் கோடீஸ்வரர். ஜனாதிபதி ஐசன்ஹோவர் குடும்ப நண்பர், அந்த ஆண்டு அவரும் மறுதேர்தலுக்கு நின்றார். காக்ரன் தன் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பிரசாரத்துக்கு இறங்கினார். ஒரு பக்கம் இந்தியாவிலிருந்து வந்த உர வியாபாரி, இன்னொரு பக்கம் வானத்தை அளந்த பெண்மணி. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்தான், நாடு முழுக்க அந்தத் தொகுதியைத் திரும்பிப் பார்த்தது.

சௌந்திடம் விமானம் இல்லை, குடும்பம் இருந்தது. மனைவி, மகன், மகள்கள், மருமகன் என்று எல்லோரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஓட்டுக் கேட்பதற்கு முன்னால் ஆட்களை வாக்காளராகப் பதிய வைப்பதில்தான் அவர்கள் அதிகம் மெனக்கெட்டார்கள். அப்போது அங்கே பெயர் பதிவு செய்துகொள்வது வாக்காளரின் சொந்தப் பொறுப்பு; பதியாதவரின் ஆதரவு எண்ணிக்கையில் வராது. முடிவு வந்தபோது சௌந்துக்குச் சுமார் 52 சதவீதம். அதே தொகுதியில் ஜனாதிபதி தேர்தலில் ஐசன்ஹோவர் முந்தினார். அதாவது, ஒரே வாக்குச்சீட்டில் மேலே குடியரசுக் கட்சி ஜனாதிபதிக்கும் கீழே ஜனநாயகக் கட்சி சௌந்துக்கும் குறி போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். இன்றைக்கு அமெரிக்காவில் இப்படிப் பிரித்து ஓட்டுப் போடுகிறவர்கள் அருகிவிட்டார்கள்.

உள்ளே போனபின் என்ன வேலை?

சபையில் மேடைப் பேச்சு குறைவு, கமிட்டி வேலை அதிகம். ஒரு மசோதா வந்தால் முதலில் அதற்குரிய கமிட்டிக்குப் போகும். சாட்சிகளை அழைப்பது, வரி வரியாகத் திருத்துவது எல்லாம் அங்கேதான். பெரும்பாலான மசோதாக்கள் கமிட்டியிலேயே உயிரை விட்டுவிடும், வெளியே தெரியவே தெரியாது. ஆகவே புதிதாக வரும் உறுப்பினரின் முதல் கவலை, எந்தக் கமிட்டி கிடைக்கும் என்பதுதான். அந்தக் காலத்தில் இதில் மூப்புக்குத்தான் மரியாதை. அப்படியிருந்தும் முதல் முறை வந்த சௌந்துக்கு வெளியுறவுக் கமிட்டி கிடைத்தது. பனிப்போர் காலம், ஆசியாவில் பிறந்த ஒருவர் அமெரிக்கச் சபையில் இருக்கிறார் என்பதைக் காட்டுவதில் வாஷிங்டனுக்கும் லாபம் இருந்தது. 1957 கடைசியில் அவர் ஆசிய நாடுகளுக்குப் பயணம் போனார். 37 ஆண்டுகளுக்குப் பிறகு சஜ்ஜல்வாடிக்கும் போய் வந்தார்.

இரண்டாவது வேலை தொகுதி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 435 பேரும் மொத்தமாகத் தேர்தலைச் சந்திக்கிறார்கள். ஜெயித்த அன்றே அடுத்த பிரசாரம் ஆரம்பம் என்று அங்கே சொல்வதுண்டு. சௌந்தின் தொகுதிக்குத் தேவை தண்ணீரும் கூலியாட்களும். மெக்சிகோவிலிருந்து பருவகாலத் தொழிலாளர்களைக் கொண்டுவரும் திட்டத்தைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அவை ஜனநாயகக் கட்சியின் தூண்கள். இருந்தும் சௌந்த் திட்டத்தை ஆதரித்தார், காரணம் அவருடைய விவசாயிகளுக்கு அது வேண்டியிருந்தது. குடியேற்றச் சட்டங்களால் தானே அடிபட்டவர், கூலிக்கு வரும் மெக்சிகர்களின் பக்கம் இன்னும் அழுத்தமாக நின்றிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காங்கிரஸ் உறுப்பினர் என்ற பதவி ஒருவரை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அவர் வாழ்க்கையில் இல்லை. கறுப்பினத்தவரின் வாக்குரிமையைக் காக்க வந்த 1957இன் சிவில் உரிமைகள் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தவரும் அவரே.

மூன்றாவது விஷயம், கட்சியை மீறுவது. நம்மிடம் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம். அமெரிக்காவிலும் கொறடா உண்டு, ஆனால் அவர் கெஞ்சலாம், கணக்கெடுக்கலாம், அவ்வளவுதான். 1961இல் ஜனாதிபதி கென்னடி ஒரு வெளிநாட்டு உதவி மசோதா கொண்டுவந்தார். வளரும் நாடுகளுக்குக் கடன் கொடுக்க, ஆண்டுதோறும் காங்கிரஸிடம் கை நீட்டாமல் ஐந்தாண்டுக்குக் கருவூலத்திலிருந்து கடனாக எடுத்துக்கொள்ளும் அதிகாரம் கேட்டார். கென்னடி சௌந்தின் சொந்தக் கட்சிக்காரர். பயன்பெறப் போகும் நாடுகளில் இந்தியாவும் உண்டு. அந்த நீண்டகால அதிகாரத்தை வெட்டி எறியும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? சௌந்த். சபையும் அதை நிறைவேற்றியது. உதவியே வேண்டாம் என்பதல்ல அவர் வாதம். உதவி உண்மையில் கிராமத்து ஜனங்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பேசி வந்தவர்தான். ஆனால் கஜானா சாவி ஆண்டுதோறும் காங்கிரஸ் கையில்தான் இருக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படிச் செய்ததற்காக அவரைப் பதவியிலிருந்து யாரும் தூக்க முடியாது. முடியக்கூடியவர்கள் இம்பீரியலிலும் ரிவர்சைடிலும் இருந்தார்கள்.

இதை ஒட்டி இன்னொன்று: காங்கிரஸ் உறுப்பினர் அமைச்சராக முடியாது. ஆக வேண்டுமென்றால் உறுப்பினர் பதவியை விட்டுவிட வேண்டும். அமைச்சர் பதவி ஆசை காட்டி உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் வழியும் ஜனாதிபதிக்கு அப்படியே அடைபட்டுப் போகிறது.

1962

1958இலும் 1960இலும் சௌந்த் வசதியாகவே ஜெயித்தார். 1962 மே மாதம், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வாஷிங்டன் போகும் விமானத்தில் அவருக்குக் கடுமையான பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. அடுத்த மாதம் பிரைமரி. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே அதில் ஜெயித்தார். உறுப்பினரால் சபைக்கு வர முடியவில்லை என்பதற்காக இடம் தானாகக் காலியாகாது. அவர் ராஜினாமா செய்ய வேண்டும், இறக்க வேண்டும், அல்லது சபையே மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையில் வெளியேற்ற வேண்டும். அப்படிக் காலியானாலும் செனட்டுக்கு ஆளுநர் தற்காலிகமாக ஆள் நியமிப்பதுபோல் இங்கே செய்ய முடியாது. பிரதிநிதிகள் சபையில் ஒவ்வொரு இருக்கைக்கும் தேர்தல் மட்டும்தான் வழி.

நவம்பரில் வாக்காளர்கள் குடியரசுக் கட்சியின் பேட்ரிக் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தார்கள். பேச முடியாத வேட்பாளருக்காகக் குடும்பமும் நண்பர்களும் பிரசாரம் செய்தும் பலிக்கவில்லை. சௌந்த் பிறகு பொது வாழ்வுக்குத் திரும்பவேயில்லை. 1973 ஏப்ரலில் மறுபடி பக்கவாதம் வந்து இறந்தார். கலிபோர்னியாவின் டெமெக்யுலா நகரில் ஒரு தபால் நிலையம் 2005 முதல் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2007இல் அவருடைய ஓவியத்தை நாடாளுமன்றக் கட்டடத்தில் திறந்து வைத்தார்கள்.

அவருக்கு அடுத்த இந்திய வம்சாவளி உறுப்பினர் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது 2005இல், லூசியானாவிலிருந்து பாபி ஜிண்டால். இவர் சௌந்தின் கட்சி அல்ல, குடியரசுக் கட்சி. 2017 ஜனவரியில் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் சியாட்டில் தொகுதியிலிருந்தும், டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி இல்லினாயிலிருந்தும் பதவியேற்றார்கள். ஜெயபாலுக்குக் குடியுரிமை கிடைத்தது 2000இல். அதனால் ஏழாண்டுக் கணக்கை வைத்து அவரை எதிர்த்து வழக்குப் போட யாருக்கும் இடம் இருக்கவில்லை.